காலை டிபன்: எடை குறைய களியா, இட்லியா, ஓட்ஸா?

ஷிப்ட்காரன், கிருஷ்ணகிரி

எல்லோருக்கும் வணக்கம். வயது 36, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. முன்பு லைனில் நின்றுகொண்டே வேலை பார்த்தேன், இப்போது குவாலிட்டிக்கு மாற்றிவிட்டார்கள், பெரும்பாலும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கப்புறம்தான் தொப்பை.

முதல் ஷிப்ட் என்றால் விடியற்காலை 4:45-க்கு பஸ். வீட்டில் அந்த நேரத்தில் யாரும் அடுப்பு பற்றவைக்க முடியாது, ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு ஓடுவேன். எட்டரைக்கு கேண்டீனில் டிபன்: ஒரு நாள் பொங்கல் வடை, ஒரு நாள் பூரி கிழங்கு, ஒரு நாள் இட்லி வடை, வாரத்தில் இரண்டு நாள் முட்டையும் உண்டு. எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், அதுதான் பிரச்சினையே. இரண்டாம் ஷிப்ட்டிலும் லீவு நாளிலும் வீட்டு டிபன், தோசை என்றால் ஐந்து ஆறு சாதாரணமாகப் போகும், தேங்காய் சட்னியோடு.

கம்பெனி செக்கப்பில் கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பித்திருக்கிறது, எடையைக் குறைங்கள் என்றார் டாக்டர். "காலையில் சிறுதானியம் எடுத்துக்கோங்க" என்று ஒரே வரி, அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். மனைவி ஓட்ஸ் வாங்கி வந்து பாலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். பத்தரை மணிக்கெல்லாம் வயிறு கத்துகிறது, அப்புறம் சமோசாவும் டீயும்தான். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். தாத்தா மூன்று வேளையும் ராகிக் களி, உடம்பு குச்சி மாதிரி இருக்கும், கடைசி வரைக்கும் தொப்பை என்பதே கிடையாது. அப்படியென்றால் தினமும் களி சாப்பிட்டால் போதுமா? கடையில் விற்கிற ராகி மால்ட் மாவு சரிப்படுமா? கூட வேலை செய்கிறவன் ஒருவன் காலையில் எதுவுமே சாப்பிடாதே, மதியம் பன்னிரண்டுக்குச் சாப்பிடு, தானாகக் குறையும் என்கிறான். அதையும் செய்யலாமா? அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போடுகிறார், வீட்டில் எல்லோருக்கும் ஒரே டிபன்தான் செய்ய முடியும் என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பென்னாகரத்து மருமகள்

தம்பி, தாத்தா களி தின்று ஒல்லியாக இருந்தார் என்பது சரி, ஆனால் களி தின்ற கையோடு அவர் ஏர் ஓட்டப் போனாரா, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாரா? எங்கள் மாமனார் இன்னும் பெரிய உருண்டையாக இரண்டு வாங்குவார், அவர் காட்டுக்குப் போய் மத்தியானம் வரைக்கும் கொத்துகிற ஆள். அதே உருண்டையை எங்கள் வீட்டுக்காரர் தின்றுவிட்டு கடையில் கல்லாவில் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

ராகியில் கலோரி குறைவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. 100 கிராம் ராகியில் 320 கலோரி சொச்சம், அரிசியில் 350 சொச்சம், அவ்வளவுதான். மாறுவது வேறு இடத்தில். நார்ச்சத்து ராகியில் 11 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. கால்சியம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, அரிசியில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புரதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 7 கிராம் போல. அதனால் ராகி என்று பேர் இருந்தால் மட்டும் பசி தாங்காது. பசியைத் தாங்குவது களிக்குத் தொட்டுக்கொள்கிற குழம்பு.

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. நம் பக்கத்துக் களிக்கு என்ன குழம்பு வைப்பார்கள்? கொள்ளுக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, மொச்சை, பச்சைப்பயறு கடைசல், பண்ணைக்கீரை கடைசல், இல்லாவிட்டால் கருவாட்டுக் குழம்பு. எல்லாம் பருப்பு, கீரை, மீன். கொள்ளில் நூறு கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம். இந்தக் கடைசல் கெட்டியாக ஒரு கிண்ணம் போனால்தான் களி நிற்கும். இப்போது வீடுகளில் களியைக் கிண்டிவிட்டு நேற்று மீந்த ரசத்தை ஊற்றிக் கொடுக்கிறார்கள், பத்தரைக்கு பசிக்காமல் என்ன செய்யும்.

செய்முறை தெரியும் என்று நினைக்கிறேன், ஆனாலும் அளவுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் அளவுதான் விஷயம். ஒரு ஆளுக்கு மாவு 60 கிராம், முக்கால் டம்ளருக்கும் குறைவு. அதற்கு இரண்டு இரண்டரைப் பங்கு தண்ணீர், உப்பு போட்டுக் கொதிக்கவிட்டு ஒரு சின்னக் கைப்பிடி நொய் போட்டுக் குழைய வேகவிடுங்கள். அப்புறம் மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிண்டுகிற கோலால் நடுவில் ஒரு குழி போட்டு, தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். குழி வழியாகத் தண்ணீர் பொங்கி மேலே வந்து மாவு முழுக்க நனைந்து வேகும். அவசரப்பட்டு உடனே கிண்டினால் உள்ளே பச்சை மாவு கட்டி கட்டியாக நிற்கும், வயிற்றை உப்பும், அப்புறம் ராகி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். வெந்ததும் பாத்திரத்தைக் காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு கிண்ட வேண்டும். தண்ணீர் தொட்ட விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஈரக்கையால் உருட்டினால் ஒரு டென்னிஸ் பந்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வரும். உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அது ஒன்று போதும். நம் ஊரில் களியை மெல்லாமல் விழுங்குவார்கள், குழம்பில் தோய்த்து உள்ளே தள்ளுவதுதான் வழக்கம், அதனால் வயிறு நிறைந்தது தெரிவதற்குள் இரண்டாவது உருண்டை பாதி போய்விடும். ஒன்றை முடித்துவிட்டு கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

மாவைச் சலிக்கிறவர்கள் சலிக்காதீர்கள். மேலே நிற்கிற தவிட்டில்தான் நார் இருக்கிறது.

சிப்காட் சீனியர்

நண்பா, நான் உங்களுக்கு முந்தைய தலைமுறை கேண்டீன்காரன். அங்கே களி எல்லாம் கிடைக்காது, கிடைப்பதில் எப்படி வாங்குவது என்று சொல்கிறேன்.

இட்லி நாள் உங்கள் நாள். ஒரு நடுத்தர இட்லி 50, 60 கலோரிதான், நான்கு வாங்குங்கள், வடையை விட்டுவிடுங்கள், சாம்பாரை மேலாக ஊற்றச் சொல்லாமல் கரண்டியை அடியில் விட்டுப் பருப்போடு எடுத்து ஊற்றச் சொல்லுங்கள். பரிமாறுகிறவர் தெரிந்தவராக இருந்தால் தனிக் கிண்ணத்தில் தருவார். முட்டை உண்டென்றால் இரண்டு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 70 சொச்சம் கலோரி, இந்த விலைக்கு இதைவிட நல்ல பண்டம் அந்தக் கேண்டீனில் கிடையாது. அன்றைக்கு இட்லி மூன்று போதும். பொங்கல் நாளில் ஒரு கரண்டி, அதற்கு மேல் சாம்பார். பொங்கலில் பாசிப்பருப்பு இருக்கிறது, நல்லதுதான், ஆனால் அதில் ஊற்றியிருப்பது நெய்யா, டால்டாவா, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. பூரி நாளில் வீட்டிலிருந்து ஏதாவது எடுத்துப் போங்கள், அந்த வரிசையில் நிற்கவே நிற்காதீர்கள். நின்றால் வாங்கிவிடுவீர்கள்.

இதையெல்லாம்விட முக்கியமானது டீ. நீங்கள் ஒரு வரி கூட எழுதவில்லை, ஆனால் ஷிப்ட்டில் நான்கு டீயாவது இருக்கும், இல்லை என்று சொல்லாதீர்கள். டீ ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நான்கு டீக்கு 40 கிராம், அதிலேயே 160 கலோரி, பால் கணக்கு தனி. மெஷின் டீ என்றால் இன்னும் மோசம், பொடியிலேயே சர்க்கரை கலந்து வருகிறது, குறைக்கச் சொல்ல முடியாது. பிளாக் டீ பொத்தானோ வெறும் வெந்நீர் பொத்தானோ இருந்தால் டீப் பை எடுத்துப் போங்கள். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி போட்டால் பரவாயில்லை என்று ஒரு கூட்டம் கிளம்பும். கலோரியில் எல்லாம் அண்ணன் தம்பிதான்.

அரிசிக்கு விரோதி

இவ்வளவு நீளமாக எழுத என்ன இருக்கிறது? அரிசியைத் தொடாதீர்கள், கோதுமையைத் தொடாதீர்கள். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, ராகி, கம்பு. ஆறு நாளுக்கு ஆறு. எடை தானாக இறங்கும். நம் முன்னோர் முட்டாள்கள் இல்லை.

கொல்லைக்காரன், பாலக்கோடு

மேலே இருக்கிறவருக்கு: முன்னோர் முட்டாள்கள் இல்லை, சரி, ஆனால் முன்னோர் அரிசியைக் கண்டால் விட்டதில்லை. எங்கள் ஊரில் நெல்லுச் சோறு என்பது தீபாவளிக்கும் விருந்தாளிக்கும்தான். மழையை நம்பிய மானாவாரி நிலம், ராகியும் சாமையும்தான் விளைந்தது, அதைத்தான் தின்றார்கள். அதற்கு மேல் அதில் வைத்தியம் எதுவும் கிடையாது.

சாமைச் சோறு இரண்டு தட்டு தின்றாலும் எடை ஏறத்தான் செய்யும். சாமைப் பொங்கல் என்று கடைகளில் கொடுக்கிறார்கள், நெய் மிதக்கிறது. அது சிறுதானியம் என்பதற்காக நெய் கணக்கில் வராமல் போய்விடுமா?

ராகியை எங்கே வாங்குவது என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாக்கெட் மாவுக்கு மக்கள் கொட்டுகிற காசைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எங்கள் மாவட்டத்தில் 2023-லிருந்து ரேஷன் கடையில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாக ராகி 2 கிலோ வாங்கிக்கொள்ளும்படி செய்தார்கள், முதலில் தருமபுரிக்கும் நீலகிரிக்கும்தான் வந்தது. நீங்கள் கிருஷ்ணகிரி, உங்கள் ரேஷன் கடையில் கிடைக்காவிட்டால் சந்தையிலோ தெரிந்த விவசாயியிடமோ தானியமாக வாங்கி, கல் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து மில்லில் கொடுங்கள். அரைக்கும்போது கொஞ்சம் கரகரப்பாகவே அரைக்கச் சொல்லுங்கள், பவுடர் மாதிரி வேண்டாம். அப்புறம் எங்கள் அரிசிக்கு முன்னால் அரைக்காதீர்கள் என்று ஒரு அம்மா சண்டைக்கு வருவார், அதையும் சமாளிக்க வேண்டும்.

வார்டு அக்கா

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், மாவட்டம் கேட்காதீர்கள். மூன்று விஷயம் மட்டும் சொல்ல வருகிறேன், மற்றது மேலே நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் எடையை உயரத்தோடு கணக்குப் போட்டால் பிஎம்ஐ 29.8 வருகிறது. நம் ஆட்களுக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று எடுத்துக்கொள்கிறோம், வெள்ளைக்காரர்களுக்கு வைத்த அளவு நமக்குப் பொருந்தாது. நம்மில் தொப்பையில் சேர்வது அதிகம். அதனால் தராசை மட்டும் பார்க்காமல் ஒரு டெய்லர் டேப் எடுத்துத் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். கல்லீரல் கொழுப்புக்கு முழு எடையும் குறைய வேண்டியதில்லை, இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்து, உங்களுக்கு நான்கு கிலோ சொச்சம், அது இறங்கினாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். வாரத்துக்கு அரை கிலோ என்ற வேகம் போதும். ஒரே மாதத்தில் பத்துக் கிலோ என்று சொல்கிற வீடியோவை மூடிவிடுங்கள்.

காலையில் சாப்பிடாமல் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். காலை உணவை விட்டால் எடை கூடும் என்று நாங்களே முன்பு நோயாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தோம், பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. 2019-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் 13 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தார்கள், பெரும்பாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்தவை. காலையில் சாப்பிட்டவர்கள்தான் நாள் ஒன்றுக்கு 260 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள், எடை வித்தியாசம் அரை கிலோகூட இல்லை. சோதனைகளின் தரம் அவ்வளவு நன்றாக இல்லை என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஆகவே சாப்பிட்டால்தான் இளைப்பீர்கள் என்பதும் பொய், சாப்பிடாவிட்டால்தான் இளைப்பீர்கள் என்பதும் பொய். உங்கள் விஷயத்தில் நாலரைக்கு எழுந்திருக்கிற ஆள் பன்னிரண்டு வரைக்கும் எதுவும் இல்லாமல் இருந்தால் மதியம் கேண்டீனில் சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிடுவீர்கள். அதனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. நண்பருக்கு ஒத்துவந்தால் அவர் செய்யட்டும்.

மூன்றாவது, அம்மா. இது முக்கியம், தயவுசெய்து படியுங்கள். வீட்டில் எல்லோரும் பட்டினி முறைக்கு மாறி அம்மாவும் காலையில் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டுவிடக் கூடாது. சில சர்க்கரை மாத்திரைகள், கிளிமிபிரைடு போன்றவை, சாப்பாடு இல்லாமல் உள்ளே போனால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல், சிலர் மயங்கியே விழுந்துதான் எங்களிடம் வருகிறார்கள். அதே மாதிரி ராகி என்றால் சர்க்கரைக்கு நல்லது என்று ஒரு சொம்பு கூழாகவோ கஞ்சியாகவோ குடிக்கக் கொடுக்காதீர்கள். நைசாக அரைத்த மாவைத் தண்ணீராகக் காய்ச்சிக் குடித்தால் அது சீக்கிரமாகவே ரத்தத்தில் ஏறும். குழம்போடு சின்ன உருண்டைக் களி, அதுவும் கடைசலும் கீரையும் சேர்ந்து, அது வேறு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மெஷினில் குத்திப் பாருங்கள், எது அவருக்கு ஒத்துவருகிறது என்று அதுவே சொல்லிவிடும். மாத்திரை அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

கடை மால்ட் மாவு கேட்டீர்களே, பாக்கெட்டைத் திருப்பி என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதிகமாக இருப்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். இரண்டாவது இடத்திலேயே சர்க்கரை என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

அரிசிக்கு விரோதி

@வார்டு அக்கா, அப்படியென்றால் கூழ் கெடுதல் என்கிறீர்களா? ஆடி மாதம் ஊரே கூழ் ஊற்றுகிறது.

வார்டு அக்கா

ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றுகிற கூழை நான் எதற்குத் தடுக்கப் போகிறேன், நானும் வரிசையில் நிற்பேன். சர்க்கரை நோயாளி தினமும் காலையில் அதை மட்டும் குடித்துவிட்டுச் சர்க்கரை குறையவில்லையே என்று கேட்பதைத்தான் சொன்னேன்.

ஷிப்ட்காரன், கிருஷ்ணகிரி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சீனியர் சொன்ன டீ கணக்கைப் போட்டுப் பார்த்தேன், நான்கு இல்லை, ஐந்து. மெஷின் டீதான்.

அம்மாவின் சீட்டைப் பார்த்தேன், அக்கா சொன்ன அந்த மாத்திரை இருக்கிறது. பட்டினி விஷயத்தை வீட்டில் இனிப் பேச மாட்டேன்.

பென்னாகரத்து அக்கா சொன்ன மாதிரி லீவு நாளில் களியும் கொள்ளுக் கடைசலும் என்று மனைவியிடம் சொன்னேன், சரி என்றாள், ஆனால் கிண்டுவது நான்தான் என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான். தோசையை விடவே முடியாது, அதற்கு ஒரு வழி சொல்லுங்கள். அப்புறம் முதல் ஷிப்ட் அன்று பூரி நாளுக்கு என்ன எடுத்துப் போவது? காலையில் சமைக்க நேரமில்லை, ராத்திரியே செய்து வைக்கிற மாதிரி இருக்க வேண்டும், எட்டரை வரைக்கும் கெடக் கூடாது, பஸ்ஸில் நாறக் கூடாது.

பென்னாகரத்து மருமகள்

தோசைக்கு: மாவிலேயே மாற்றுங்கள். இட்லி அரிசியில் பாதியைக் குறைத்து அதற்குப் பதில் பச்சைப்பயறு ஊறப்போட்டு அரைத்துச் சேருங்கள், இல்லாவிட்டால் முழுக்கப் பயறே போட்டு இஞ்சி, பச்சை மிளகாய் வைத்து அரைத்து அன்றே ஊற்றுங்கள், புளிக்க வேண்டியதில்லை. ஆந்திரா பக்கம் பெசரட்டு என்பார்களே, அதுதான், நம் எல்லைக்காரர்களுக்கு இது புதிது இல்லை. 50 கிராம் பயறில் 11, 12 கிராம் புரதம் கிடைத்துவிடும். மூன்று தோசையில் நிறுத்த முடியும், சாதா தோசையில் முடியாது. எண்ணெயைப் பாட்டிலிலிருந்து ஊற்றாமல் ஒரு வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்தால் போதும். சட்னி தேங்காயைக் குறைத்துத் தக்காளி, இல்லை கொள்ளுச் சட்னி. பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்து ரோட்டில் கொட்டுகிற நாளில் ஒரு கூடை வாங்கித் தொக்கு போட்டு வையுங்கள், கொட்டுகிறவர்களுக்கும் புண்ணியம்.

பஸ்ஸுக்கு: ராத்திரி மொச்சையோ கொண்டைக்கடலையோ அவித்துத் தாளித்து, தேங்காய் போடாமல் டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். தேங்காய் சேர்த்தால்தான் சீக்கிரம் ஊசிப்போகும். கூட இரண்டு அவித்த முட்டை, தோலை உரிக்காமல் எடுத்துப் போங்கள், உரித்தால்தான் பஸ் முழுக்க வாசனை. கடலைக்காய் அவித்தும் எடுக்கலாம், ஆனால் அது ஒரு கைப்பிடிதான், 30 கிராம் காய்ந்த வேர்க்கடலையே 170 கலோரி, பேசிக்கொண்டே உரித்தால் ஒரு படி காலியாகிவிடும்.

சிப்காட் சீனியர்

நான் எடுத்துப் போனது பழைய களியைக் கரைத்த கூழ்தான். ராத்திரிக் களியில் ஒரு சின்ன உருண்டையைத் தண்ணீரில் போட்டு மூடி வைத்துவிட்டால் விடியற்காலை லேசாகப் புளித்திருக்கும். கையால் பிசைந்து மோர், உப்பு, சின்ன வெங்காயம் போட்டுப் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம். அக்கா சொன்னது சரி, அது மட்டும் என்றால் பத்தரைக்குப் பசிக்கும், கூடவே சுண்டலோ முட்டையோ வேண்டும். ஒரு எச்சரிக்கை: பாட்டிலை வாய் வரைக்கும் நிரப்பி இறுக்க மூடாதீர்கள், வெயில் காலத்தில் புளித்த கூழ் வாயு கட்டும், எட்டரைக்குத் திறக்கும்போது சட்டையில்தான் இருக்கும். வெள்ளைச் சட்டை யூனிஃபார்ம் என்றால் இன்னும் கவனம்.

கொல்லைக்காரன், பாலக்கோடு

எல்லாம் சரி, மாம்பழ சீசனுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மே, ஜூனில் காலை டிபனோடு இரண்டு செந்தூரா வெட்டாத வீடு உண்டா?

ஷிப்ட்காரன், கிருஷ்ணகிரி

ஐயோ, அதை ஏன் ஞாபகப்படுத்துகிறீர்கள். மாமனாருக்குத் தோப்பே இருக்கிறது, பெட்டி பெட்டியாக வரும். மாம்பழத்தில் கொழுப்பு இல்லையே, பழம்தானே, அதைச் சாப்பிடலாம்தானே?

வார்டு அக்கா

சாப்பிடலாம். 100 கிராம் சதையில் 60 கலோரிதான். ஆனால் ஒரு நல்ல அளவு பழத்தில் சதை மட்டும் 200 கிராமுக்கு மேல் வரும், இரண்டு பழம் என்றால் நான்கு இட்லிக்குச் சமம், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பழம் வேண்டும் என்கிற அன்றைக்கு இட்லியை இரண்டாக்கி ஒரு பழம். டிபனுக்கு மேல் பழம் கிடையாது. ஜூஸ் போடாதீர்கள், வெட்டித் தின்னுங்கள். அம்மாவுக்கு இரண்டு கீற்று, அதுவும் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிற நாளில், டிபனோடு சேர்த்து இல்லாமல் பதினோரு மணிக்கு மேல் தனியாக. மாமனார் அனுப்புகிற பெட்டியில் பாதியை ஷிப்ட்டில் கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், பட்டினி கிடக்கச் சொன்ன அந்த நண்பருக்கு முதலில்.

ஷிப்ட்காரன், கிருஷ்ணகிரி

அவன் மாம்பழத்துக்கு மட்டும் பன்னிரண்டு மணி வரைக்கும் காத்திருக்க மாட்டான் அக்கா. சரி, இடுப்பை அளந்தேன், 101. டேப் எங்கே என்று தேடி எடுத்துக் கொடுத்தது அம்மாதான். அடுத்த செக்கப் முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.